வாய்ச்சி

வாய்ச்சி என்பது மரத்தைச் செதுக்கி உருவாக்கப் பயன்படும் ஒரு தச்சுக் கைக்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது வாச்சி எனவும் அழைக்கப்படுகின்றது. கோடரியின் வெட்டுவாய் காம்புக்கு இணையாக இருக்கும். வாய்ச்சியின் வெட்டுவாயோ மண்வெட்டியைப் போலக் காம்புக்குக் குறுக்காக இருக்கும்.

வரலாறு

புதிய கற்காலத்திலேயே தீட்டப்பட்ட கல் வாய்ச்சிகள் பயன்பாட்டில் இருந்தன. பண்டைய எகிப்தில், இறந்தோருக்குச் செய்யப்பட்ட வாய் திறப்புச் சடங்கில் வாய்ச்சியும் ஒரு கருவியாக இருந்தது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதனைத் தோக்கி என்பர்.

அமைப்பு

ஐரோப்பியத் தச்சர்கள் நீண்ட காம்புடைய வாய்ச்சியை நின்றுகொண்டு வீசுவர். தமிழ்நாட்டு வாய்ச்சி குட்டைக் காம்பு உடையது. தச்சர் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு செதுக்குவார். வெட்டுவாயின் சாய்வு பொதுவாகக் காம்பை நோக்கிய உட்புறத்தில் அமைகின்றது. எனவே சாணைச் சக்கரத்தில் தீட்டும்போது காம்பு இடையூறாகும். காம்பை எளிதிற் கழற்றும்படி வாய்ச்சிகள் பல செய்யப்படுவதற்கு இதுவே காரணம்.

செய்முறை

கையால் அடிக்கப்பட்ட பழைய கருவிகள் பலவற்றில் உடல் மெல்லிரும்பாகவும் வெட்டுவாய் மட்டும் எஃகாகவும் இருக்கும். எஃகு அரிதாகவும் விலை மிகுந்தும் இருந்த காலத்தில் இது சிக்கனமான முறை. மெல்லிரும்பு அதிர்ச்சியைத் தாங்கும் என்பது கூடுதல் நன்மை. கொல்லர் இரண்டையும் உலையில் வெண்சூடாக்கி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவார். பின்னர் வாயைச் செஞ்சூடாக்கி நீரில் தோய்ப்பார். இதனால் எஃகு கடினமாகும். ஆனால் எளிதில் உடையும். ஆகவே மீண்டும் மிதமாகச் சூடாக்கப்படும். மேற்பரப்பில் தோன்றும் நிறமே கொல்லருக்கு வெப்பமானி: வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 பாகை செல்சியசையும், நீலம் ஏறத்தாழ 300 பாகையையும் காட்டும். பிற்காலத்தில் லாரிகளின் பழைய வில்பட்டைகளும் இதற்கு மூலப்பொருளாயின.

பழைய வாய்ச்சியை மின்சாணையில் தீட்டுவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். வாய் நீலம் பாய்ந்துவிட்டால் அதன் கடினம் குறைந்துவிடும். மீண்டும் உலையில் இட்டுத் தோய்க்காமல் அதனைத் திரும்பப் பெற இயலாது. துருவை அகற்றிப் பளபளப்பாக்கும் ஆர்வத்தில் நல்ல கருவிகள் பல இவ்வாறே கெட்டுப்போகின்றன.

பயன்பாடு

கலப்பை, வண்டிச் சக்கரத்தின் குடம், வட்டை, கட்டுமரம் ஆகியவற்றைச் செதுக்க வாய்ச்சி பயன்பட்டது. ஊர்த் தச்சரும் கொல்லரும் பல இடங்களில் அறுவடைக் காலத்தில் தானியமாகவே கூலி பெற்றனர். டிராக்டரும் டயர் வண்டியும் பரவியபின் கலப்பைக்கும் மரச்சக்கரத்துக்கும் தேவை குறைந்தது. தேய்ந்த வாய்க்குப் புது எஃகு வைத்துத் தரும் கொல்லர் பட்டறைகளும் அதனுடன் அருகின.