புதுப்பித்த வீடு

என் அக்காள் மகனுக்குத் திருவனந்தபுரத்தில் உத்தியோகம் கிடைத்தது. நெய்யூரிலிருந்து தினமும் போய் வருவது உடம்புக்கு ஆகாது. ஆகவே ஜாகை தேடுவதற்கு என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனான். அந்த நகரம் ஏழு குன்றுகளின் மேல் அமைந்தது என்பார்கள். ஏறி இறங்கிய என் முழங்கால்களைக் கேட்டால் எழுபது என்றே சாட்சி சொல்லும்.

கடைசியில் குன்னுக்குழி என்ற பகுதியில் ஒரு வீடு அகப்பட்டது. பெயரிலேயே குன்றும் குழியும் இருக்கின்றன, தெருவும் அப்படித்தான். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், அடுக்களை. தரையிலும் சுவரிலும் புதுக்கருக்கு அழியவில்லை.

"எல்லாம் புதுசா ஆக்கிப் போட்டிருக்காவ, மாமா. அதான் வாடகை கூடுதல்" என்றான் பையன்.

தெருமுனையில் தேநீர்க் கடை வைத்திருந்தவர் தக்கலைப் பக்கத்து மனிதர். நம் பேச்சைக் கேட்டதும் அவருக்கு ஊர்ப் பாசம் பொங்கிவிட்டது.

"அந்த வீடா? முந்தி ஒரு வாத்தியாரு இருபது வருசத்துக்கு மேல இருந்தாரு. மராமத்துப் பண்ணணும், ஆறு மாசம் மாறி இரும்னாவ. மாறினாரு. பொறவு வந்து கேட்டா வாடகை ரெண்டு மடங்கு! அவரு என்ன செய்வாரு? முற்றத்துல நிக்க முருங்கை அவரு வச்சதாக்கும்."

வீட்டைப் புதுப்பிப்பதற்காக ஒருவர் வெளியேறினால், புதுப்பித்த வீட்டில் அவருக்கு ஏதாவது பாத்தியம் உண்டா? ஊர் திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மலையாளக் கரையில் இந்தக் கேள்வி நேற்று முளைத்ததல்ல. குழிக்காணம் என்று ஒரு பழைய குத்தகை முறை அங்கே இருந்தது. தரிசாகக் கிடந்த நிலத்தில் குழி வெட்டித் தென்னையோ பலாவோ வைத்தவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. அவன் செய்த தேகண்டத்துக்கு விலை உண்டு என்பது அதன் தாத்பரியம். மலபாரில் இந்த வழக்கத்துக்கு 1887ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்தார்கள். கேரளம் முழுமைக்கும் 1958இல் சட்டம் வந்தது. மண் ஜன்மியுடையதாக இருந்தது, ஆனால் மரத்தில் குடியானவனுக்கும் பங்கு இருந்தது.

நகரத்து வீட்டு வாடகைக்கு வந்த சட்டங்களின் கதை வேறு. அதைச் சொல்ல நாம் கடல் கடந்து, இன்னொரு மேட்டு நகரத்துக்குப் போகவேண்டும். ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில், 1915ஆம் ஆண்டு, முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஒற்றை அறையில் ஒரு குடும்பமே குடியிருந்த அடுக்குக் கட்டடங்களுக்கு வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் போர்முனையில் இருந்தார்கள். மேரி பார்பர் என்ற பெண்மணி தெருத் தெருவாகப் பெண்களைத் திரட்டினார். சாமான்களை வெளியே எறிய அமீனா வந்தால் மணி அடிப்பார்கள். பெண்கள் ஓடிவந்து படிக்கட்டை அடைத்துக்கொள்வார்கள். நவம்பர் 17ஆம் தேதி நீதிமன்றத்துக்கு ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். அந்த டிசம்பர் மாதத்திலேயே வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறிற்று.

யுத்தகாலத்து வாடகைச் சட்டம் 1918இல் பம்பாய்க்கும் வந்தது. சென்னை மாகாணம் 1946இல் தனக்கென்று ஒன்றை இயற்றியது. திருவிதாங்கூர்–கொச்சியில் 1950இல் ஓர் உத்தரவு பிறந்தது; அப்போது நெய்யூரும் அந்த ராஜ்யத்தைச் சேர்ந்ததே. 1956 நவம்பர் முதல் தேதி கல்குளம் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. அதன் பிறகு நெய்யூருக்கு ஒரு சட்டம், திருவனந்தபுரத்துக்கு ஒரு சட்டம்.

இரண்டு சட்டங்களும் வாத்தியாரைப் போன்றவர்களை மறக்கவில்லை என்பதுதான் விசேஷம். கேரளத்தின் 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி, இடித்துக் கட்டுவதற்காக ஒருவரைக் கோர்ட்டு மூலம் வெளியேற்றினால், புதிய கட்டடத்தில் முதல் உரிமை அவருக்கே; நியாயமான வாடகை மட்டும் கொடுக்கவேண்டும். தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில், பழுதுபார்க்க வீட்டைக் காலி செய்யச் சொன்னால், வேலை முடிந்ததும் பழைய குடித்தனக்காரருக்கே திருப்பித் தருவதாக வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது.

வீட்டுக்காரர்களுக்கும் வருத்தம் இருந்தது, அது வாஸ்தவமானதே. பாட்டனார் காலத்து வாடகையைப் பேரனும் கொடுத்துக்கொண்டிருந்தால், ஓடு மாற்றப் பணம் எங்கிருந்து வரும்? பல வீடுகள் பராமரிப்பில்லாமல் இடிந்தன. ஆகவே தமிழ்நாடு 2017இல் புதிய சட்டம் செய்து, 2019இல் அமலுக்குக் கொண்டுவந்தது. அதில் எல்லாம் எழுத்து மூலமான ஒப்பந்தம். மராமத்துக்குப் பிறகு பழையவர் திரும்பி வருவதும் இரு தரப்பாரும் ஒத்துக்கொண்டால்தான். முன்பு பாத்தியமாக இருந்தது இப்போது சம்மதமாகிவிட்டது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது வாடகை வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

வாத்தியாருக்குக் கேரளச் சட்டம் துணை நின்றிருக்கலாம். ஆனால் அவர் கோர்ட்டு உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. வாய்வார்த்தையை நம்பி, தாமாகவே சாவியைக் கொடுத்துவிட்டார். மரியாதைக்குப் பயந்த மனிதர்கள் செய்கிற காரியம் அது.

பையன் அந்த வீட்டுக்கே குடிபோனான். அவனுக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டுமே. ஒப்பந்தம் எழுதும்போது, "மராமத்துக்காகக் காலி செய்தால் எந்தத் தேதியில், என்ன வாடகைக்குத் திருப்பித் தருவார்கள் என்று ஒரு வரி சேர்த்துக்கோ" என்றேன்.

"அதெல்லாம் கேட்டா ஒரு மாதிரி நினைப்பாவ, மாமா" என்றான்.

வாத்தியாரும் அப்படித்தான் நினைத்திருப்பார். போன மாதம் ஊருக்கு வந்தபோது பையன் ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்தான். நல்ல சதைப்பற்றுள்ள காய். சாம்பாரில் போட்டுச் சாப்பிட்டோம். குழி வெட்டியவரின் கணக்கில் ஏதோ பாக்கி நிற்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.