கான்கிரீட் தளப் புதுப்பிப்பு – விருதுநகர், சிவகாசி வட்டாரம்

வெடித்தும் பொரிந்தும் போன பழைய கான்கிரீட் தரையையும் மாடித் தளத்தையும் இடித்துத் தள்ளாமல் பழுதுநீக்கி, அவற்றின்மேல் மெல்லிய புது மேற்பூச்சு இடும் கட்டுமானப் பணி. விருதுநகர் மாவட்ட வீடுகளில் இது பெரும்பாலும் அழகுக்காகவும் ஒழுக்கை அடைப்பதற்காகவும் செய்யப்படுகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளின் பட்டாசு ஆலைகளில் இது தொழிலாளரின் உயிரைச் சார்ந்த வேலை.

கான்கிரீட்டின் காரத்தன்மையே உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். பிறகு ஈரம் பட்டதும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பதால் மேலுள்ள கான்கிரீட் உப்பிப் பெயர்கிறது. இவ்வட்டாரத்துக் கடும் வெயிலில் மாடித் தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்கி வெடிப்பு விடும். வடகிழக்குப் பருவமழை அந்த வெடிப்பு வழியே இறங்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்த பழைய மாடிகளில் சூடு நேரடியாகத் தளத்தைத் தாக்குவதில்லை.

வீட்டுத் தளங்கள்

சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் கேட்கும் இடம் முழுவதையும் உறுதியான பகுதி வரும்வரை கொத்தி எடுக்க வேண்டும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையால் பள்ளத்தை அடைப்பர். மேற்பூச்சுக்கு முன் பழைய தளத்தை நன்கு நனைக்க வேண்டும்; ஆனால் பூசும்போது தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. காய்ந்த தளம் புதுக் கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் பூச்சு ஒட்டாது. பூச்சு தகடு தகடாகப் பெயர்வதற்கு விலை மலிந்த சிமெண்டைவிட தளத்தை நனைக்காமலும் சுத்தம் செய்யாமலும் பூசும் அவசரமே பெரும்பாலும் காரணம். விரிந்து சுருங்கும் வெடிப்பை மூடி மறைக்க முடியாது. அதே கோட்டில் மேலேயும் இணைப்புக்கோடு விட வேண்டும்.

அலங்காரத்துக்குப் பலரும் அறிந்தது ரெட் ஆக்சைடு தரை. புதிதாகப் போட்ட கலவை இறுகுமுன் சிமெண்டும் நிறப்பொடியும் குழைத்த பாலை ஊற்றி, கொத்தனார் கரண்டியால் பளபளக்கும்வரை தேய்ப்பார். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது இதில் பாதி வேலை. உலர்ந்த, வெப்பமான சூழலில் கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456:2000; கலப்புச் சிமெண்டுக்கு 14 நாளைப் பரிந்துரைக்கிறது.

பட்டாசு ஆலைத் தளங்கள்

மருந்து கையாளும் அறையில் மணல் உதிரக் கூடாது, இரும்பு வெளியே தெரியக் கூடாது. உராய்வும் பொறியும் அங்கே உயிரைக் குடிப்பவை. மற்றத் தொழிற்சாலைகளில் தரையைக் கெட்டிப்படுத்த இரும்புத் துகள் கலப்பதுண்டு. இங்கே அது அறவே ஆகாது. பொறி பறக்காத தரைக்குச் சுண்ணாம்புக்கல், சலவைக்கல் ஜல்லி ஏற்றது. சாதாரண எபாக்சி பூச்சு வழுவழுப்பாக இருந்தாலும் நிலைமின்சாரத்தைத் தேக்கிவிடும். அதனால் மின்னேற்றத்தை நிலத்துக்குக் கடத்தும் வகையான பூச்சோ ரப்பர் விரிப்போ வேண்டும். அதை எர்த்துடன் இணைக்கவும் வேண்டும்.

மிகுந்த ஆபத்து, பழுதுபார்ப்பதிலேயே இருக்கிறது. பல ஆண்டுகளாகச் சிந்திய வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் வெடிப்புகளுக்குள் படிந்திருக்கும். அதைக் காணாமல் உளியால் கொத்துவதும் மெஷினால் தேய்ப்பதும் வெடிமருந்தையே தட்டுவதற்குச் சமம். எனவே உற்பத்தியை நிறுத்தி, சரக்கை அகற்றி, தரையைத் தண்ணீரால் ஊறவைத்துப் பலமுறை கழுவி, கழுவிய நீரைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்திய பின்னரே கொத்தனாரை உள்ளே விட வேண்டும். வேலை முடிந்ததும் அவசரம் கூடாது. அலுமினியத் தூள் கலந்த மருந்து ஈரம் பட்டால் வினைபுரிந்து தானே சூடேறக்கூடும் என்பதால், புதுத் தளம் முழுவதும் உலரும்வரை மருந்து அந்த அறைக்குள் போகக் கூடாது.