சிவப்பு, மஞ்சள், நீலம்: ஒரு டிரங்க் லைன் பேசிய மொழி

"ஹலோ... ஹலோ... நான் பேசறது கேக்குதா?" டிரங்க் கால் காலத்தில் இப்படிக் கத்தாதவர்கள் நம்மில் குறைவு. எனக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் பேசுவது மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறதா என்பது, அவர் சொன்னால்தான் தெரியும். தொலைபேசிப் பொறியாளர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. அவர்கள் அதைத் தீர்த்த விதம் அழகானது. இயற்பியல் வாத்தியார் என்பதால் கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சை எண்களாக மாற்றி அனுப்பலாம் என்று 1937இல் யோசித்தவர் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர். அப்போது பாரிஸில் பணியாற்றினார். ஆனால் அதற்கேற்ற மலிவான கருவிகள் அன்று இல்லை. டிரான்சிஸ்டர் வந்த பிறகு, 1962இல், அமெரிக்காவின் பெல் நிறுவனம் சிகாகோ பகுதியில் 'டி1' என்ற டிஜிட்டல் லைனை இயக்கியது.

இரண்டு ஜோடி செம்புக் கம்பிகள். போக ஒன்று, வர ஒன்று. அவற்றில் ஒரே நேரத்தில் 24 உரையாடல்கள். ஒவ்வொரு குரலும் வினாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டாகிறது. 24 × 8 = 192. அதோடு ஒரு பிட் கூடுதலாகச் சேர்த்து 193. அதை 8,000ஆல் பெருக்கினால் வினாடிக்கு 15,44,000 பிட்.

அந்தக் கூடுதல் பிட்தான் காவல்காரன். அது ஒரு குறிப்பிட்ட வரிசையில் மாறிக்கொண்டே வரும். அதைப் பார்த்துத்தான் எந்த பிட் யாருடைய குரல் என்று மறுமுனைக் கருவி பிரிக்கிறது. வரிசை தவறினால் 24 பேர் பேச்சும் குழம்பிவிடும்.

சிக்னல் நின்றாலோ வரிசை தொலைந்தாலோ கருவி உடனே அலறாது. மின்னல் போன்ற சிறு தொந்தரவாக இருக்கலாம் அல்லவா? சுமார் இரண்டரை வினாடி பொறுக்கும். பிறகும் சரியாகவில்லை என்றால் சிவப்பு அலாரம்: "எனக்குக் கேட்கவில்லை."

சிவப்பு வந்த கருவி உடனே தன் மறு ஜோடிக் கம்பி வழியாக ஒரு செய்தி அனுப்பும்: "நீ பேசுவது எனக்கு வரவில்லை." அதைப் பெற்ற முனையில் எரிவது மஞ்சள் அலாரம். ஒரு முனையில் சிவப்பு, மறுமுனையில் மஞ்சள் என்றால் ஒரு திசையில் மட்டுமே கோளாறு. இரண்டு முனையிலும் சிவப்பு என்றால் பெரும்பாலும் கேபிளே அறுந்திருக்கும். நடுராத்திரியில் எந்தப் பக்கம் ஜீப்பை விடுவது என்பதை இந்த விளக்குகளே சொல்லிவிடும்.

மூன்றாவது நீலம். நடுவழியில் இருக்கும் ஒரு கருவிக்குச் சிக்னல் வராமல் போனால் அது சும்மா இருக்காது. தனக்கு அடுத்துள்ள கருவிகளுக்கு 1, 1, 1 என்று இடைவிடாமல் அனுப்பும். பொருள்: "கோளாறு எனக்கு முன்னால். உங்கள் கருவியைப் பிரிக்காதீர்கள்." 1 என்றால் துடிப்பு, 0 என்றால் மௌனம். தொடர்ந்து துடிப்பு போவதால் வழியிலுள்ள ரிப்பீட்டர்களின் கடிகாரமும் தவறாது.

இதெல்லாம் எதற்கு? செத்த லைன் எக்ஸ்சேஞ்சின் கண்ணுக்குக் காலியான லைனாகத் தெரியலாம். அடுத்து அழைப்பவரையும் அதே குழிக்குள் தள்ளும். அழைப்பவர் டாக்டரைத் தேடுபவராகவும் இருக்கலாம். அலாரம் வந்ததும் அந்த 24 தடங்களும் ஒதுக்கப்பட்டு, அழைப்புகள் வேறு வழியில் போகும்.

ஐரோப்பாவும் இந்தியாவும் எடுத்துக்கொண்டது 'இ1' முறை. அதில் 32 இடங்கள், வினாடிக்கு 20,48,000 பிட். அதிலும் "நீ பேசுவது கேட்கவில்லை" என்று சொல்வதற்கென்றே ஒரு பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். பின்னால் வந்த கண்ணாடி இழைத் தடங்களிலும் இதே ஏற்பாடு தொடர்கிறது.

எனக்குப் பிடித்தது அந்த மஞ்சள்தான். கேட்காதவன் வாய்விட்டுச் சொன்னால்தான் பேசுகிறவனுக்குத் தெரியும். வகுப்பில் தலையை மட்டும் ஆட்டும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தொலைபேசித் துறையில் வேலை பார்த்த நண்பர்கள் இருந்தால், உங்கள் எக்ஸ்சேஞ்ச் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.