சினிமாவில் சுடும் தவறான துப்பாக்கிகள்

பி.காம். படிக்கிறவனுக்கு எதற்குத் துப்பாக்கி ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். கணக்குப் புத்தகத்தில் தேதி மாறினால் கண்ணில் படுகிற மாதிரி இதுவும் படுகிறது, அவ்வளவுதான்!

கட்டபொம்மன் கதையை நாடகமாகவோ தொடராகவோ எடுக்கும்போது, வெள்ளைக்காரச் சிப்பாய் கையில் பெரும்பாலும் நம் ஊர் போலீஸ்காரர்கள் வைத்திருந்த .303 ரக ரைஃபிளைக் கொடுத்துவிடுகிறார்கள். எளிதில் கிடைப்பது அதுதான் போலும். ஆனால் அந்த வகையான லீ-என்ஃபீல்டு வந்ததே 1895-ல். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799-ல்.

'இதில் என்ன குடிமுழுகிப் போகிறது?' என்பீர்கள். அன்று கம்பெனிப் படையிடம் இருந்தது மஸ்கெட். காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, பிறகுதான் சுட வேண்டும். நன்கு பழகியவனே நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால் பெரிய விஷயம். அந்த இடைவெளியில்தான் நீண்ட ஈட்டி வைத்திருப்பவன் பாய்ந்து வர முடியும். 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினான். எதிராளி கையில் .303-ஐக் கொடுத்துவிட்டால் அந்த வெற்றி வெறும் சினிமா வீரமாகத்தான் தெரியும். உண்மையில் நடக்கக்கூடியது என்றே தோன்றாது.

அடுத்தது வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். கைப்பிடிக்குள் தோட்டா வைக்கும் தட்டையான ஆயுதம். மேடையில் வாஞ்சி கையில் இருப்பதோ சுழலும் உருளை வைத்த ரிவால்வர், அதாவது வெள்ளைக்கார அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது. (ஆண்டு விழா நாடகங்களில் தீபாவளி கேப் துப்பாக்கி. அவர்களை விட்டுவிடலாம்!)

இந்தத் தவறுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஆயுதச் சட்டம் இருந்த பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு சாதாரண வனத்துறை ஊழியர் கைக்கு பெல்ஜியம் பிஸ்டல் எப்படி வந்தது? இந்தக் கேள்வி எழுந்தால் பதில் எங்கள் ஓமந்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரிக்குக் கொண்டுபோகும். அது அன்று பிரெஞ்சுக்காரர் ஊர். லண்டனிலிருந்து தப்பி 1910-ல் அங்கே வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர்தான் வாஞ்சிக்குச் சுடப் பழக்கினார். கையில் ரிவால்வரைக் கொடுத்தால் புதுச்சேரியே கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறது. யாரோ அதிகாரியிடம் பறித்தது போல ஆகிவிடுகிறது.

மரத்தில் ஒரு தட்டைப் பிஸ்டல் செய்து கறுப்பு பெயிண்ட் அடிக்க எவ்வளவு செலவாகும், சொல்லுங்கள்?