அண்ணனோ, அத்தானோ?

மத்திய அரசு அலுவலர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பத்தோடு சொந்த ஊர் சென்று வரப் பயணச் சலுகை அளிக்கும் ஆணை 1956ஆம் ஆண்டில் பிறந்தது. அதற்கு முன்னரும் நம்மவர் ஊர் சென்று வந்தனர். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் 1929ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆயினும் தலைநகரத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாழ்வில் இரண்டாண்டுக்கு ஒருமுறை என்னும் தாளத்தை அமைத்தது அவ்வாணையே. அத்தாளத்தில் ஒரு விந்தை உண்டு. சென்ற முறை தாயின் மடியில் உறங்கிய கைக்குழந்தை, அடுத்த முறை தன் காலால் நடந்து, மழலை பேசிக்கொண்டு பாட்டி வீட்டுத் திண்ணையில் ஏறும்.

அத்திண்ணையில் ஐந்தாறு பிள்ளைகள் காத்திருப்பர். முதல் நாள் நம் குழந்தை தாயின் சேலைத் தலைப்பைவிட்டு அகலாது. மூன்றாம் நாள் உணவூட்டத் தேடினால் அகப்படாது. மாமரத்தடியிலோ கிணற்றடியிலோ பெரிய பிள்ளை ஒன்றின் இடுப்பில் அமர்ந்திருக்கும். அப்பிள்ளையை அது 'அண்ணா' என்று அழைத்ததும் பாட்டி குறுக்கிடுவாள்: “அவன் அண்ணா இல்லையடா கண்ணு, அத்தான்!” குழந்தை விழிக்கும். அடுத்து நிற்பவனைச் சுட்டி, “இவன்தான் அண்ணா” என்பாள் பாட்டி. இருவரும் ஒரே உயரம், ஒரே வயது, ஒரே வகுப்பு. ஒருவன் அண்ணன், மற்றவன் அத்தான் ஆவது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை கூற முயன்ற அறிஞர் பலர். அப்பாவின் உடன்பிறந்த ஆண் பெரியப்பா அல்லது சித்தப்பா. அவரும் ஒருவகை அப்பாவே. அம்மாவின் உடன்பிறந்த பெண் பெரியம்மா அல்லது சித்தி. அவளும் ஒருவகை அம்மாவே. ஆதலின் அவர்தம் மக்கள் நமக்கு உடன்பிறந்தார். அத்தையோ அப்பாவுக்கு உடன்பிறந்தாளாயினும் வேறொரு வீடு புகுந்தவள். அம்மானோ அம்மா பிறந்த வீட்டின் ஆண்மகன். அவர்தம் மக்கள் உடன்பிறந்தார் ஆகார். மணம் கொள்ளத்தக்க முறையினர். அவர்களை அத்தான், மச்சான், அத்தங்காள், அம்மாஞ்சி, அம்மங்காள் என்று வீட்டுக்கு வீடு, குலத்துக்குக் குலம் வேறு வேறாக அழைப்பர். (அம்மான் சேய் என்பதே அம்மாஞ்சி ஆயிற்று. அது பேதை என்னும் பொருளையும் ஏற்றுக்கொண்டது எந்த அம்மாஞ்சி செய்த வினையோ, அறியோம்.)

தொல்காப்பியம் உறவுச் சொற்களை முறைப்பெயர் எனத் தனியே வகுத்துள்ளது. “உனக்கு அவன் என்ன முறை?” என்று இன்றும் கேட்கிறோம். பழந்தமிழில் என் தாய் 'யாய்', உன் தாய் 'ஞாய்'. என் தம்பி 'எம்பி', உன் தம்பி 'நும்பி'. யாருக்கு உறவு என்பதையும் சேர்த்தே சொல் பிறந்தது. பழைய வடமொழி நூலாகிய போதாயன தரும சூத்திரமும் தென்னாட்டாரின் தனி வழக்கங்களுள் அம்மான் மகளையும் அத்தை மகளையும் மணத்தலைக் குறிக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் நெருங்கிய உறவில் மணத்தை விலக்கி, வழக்கம் இடந்தருமாயின் ஆகும் என ஒரு வாயிலைத் திறந்தே வைத்தது.

கடல் கடந்தும் இம்முறை ஒருவரை மயக்கிற்று. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து வழக்கறிஞர் மார்கன், செனெகா என்னும் பழங்குடியினரிடம் தந்தையின் தமையனும் தந்தையே என்னும் வழக்கைக் கண்டு வியந்திருந்தார். 1859ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்திருந்த ஸ்கடர் என்னும் பாதிரியாரைச் சந்தித்து, தமிழரிடமும் அத்தகைய முறை உண்டென அறிந்தார். 1871ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது பெருநூலில் நம் பாட்டிமார் நாவில் புழங்கும் சொற்கள் அட்டவணையாக நிற்கின்றன. செனெகா மக்கள் ஆசியாவினின்று சென்றோர் என்பதற்கு இவ்வொற்றுமையே சான்று என அவர் முடிவுகட்டியதைப் பின்வந்தோர் ஏற்கவில்லை.

நமக்கு இதனினும் நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. இராவதி கார்வே அம்மையார் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வடநாட்டு உறவுமுறையையும் தென்னாட்டு முறையையும் ஒப்பிட்டுக் காட்டினார். வடக்கே சசேரா, மமேரா, புபேரா, மௌசேரா என்று அடைமொழி மாறும். ஆனால் நால்வரும் 'பாயீ'களே. நால்வர்க்கும் ராக்கி கட்டப்படும். நம் அண்டை வீட்டார்க்கு அத்தை மகனை மணப்பது என்பது நினைக்கவும் கூசும் செய்தி.

இனி நம் காலனியை நோக்குவோம். எதிர்வீட்டுத் தமிழரை நம் குழந்தை மாமா, மாமி என்று அழைக்கிறது. அவர்தம் மகனை? அண்ணா என்கிறது! முறைப்படி மாமாவின் மகன் அண்ணன் ஆகான். நாமே கற்பித்த மரியாதைச் சொல்லால் நம் பிள்ளைகள் அறியாமலே வடநாட்டு முறையைக் கற்றுவிடுகின்றனர். சென்னையிலும் அயல்வீட்டார் மாமா, மாமிதாம். ஆயினும் அங்கே உண்மை மாமன் மகன் மாதம் ஒருமுறையேனும் வந்து நின்று கணக்கைச் சரிசெய்வான். இங்கே அப்பணியை அந்தச் சில வாரத் திண்ணையே செய்தாக வேண்டும்.

உறவில் மணத்தை மருத்துவர் இன்று விரும்புவதில்லை; நாமும் அதற்காக வாதாட வரவில்லை. மணம் போயினும் சொல் நிற்கலாம். ஆனால் சொல் நிற்க ஆள் வேண்டுமே! 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. தந்தை ஒற்றைப் பிள்ளையாயின் சித்தப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. தாயும் ஒற்றையாயின் மாமாவும் இல்லை, சித்தியும் இல்லை. அவ்வீட்டுக் குழந்தை ஊர் சென்றால் பாட்டி இருப்பாள், திண்ணை வெறிச்சென்றிருக்கும்.

எனினும் நம் முறை ஒரு தலைமுறையோடு நின்றுவிடுவதன்று. தாத்தாவின் தம்பி மகன் நம் குழந்தைக்குச் சித்தப்பாவே. அவர் மகன் அண்ணனே. தாத்தாவின் தங்கை மகன் அப்பாவுக்கு அத்தான். ஆதலின் குழந்தைக்கு மாமா. அவர் மகன் மீண்டும் அத்தான். நம் காலனியில் ஒற்றைக் குழந்தையுள்ள குடும்பங்கள் சில, ஊர் செல்லுமுன் தாத்தா பாட்டியின் உடன்பிறந்தார் வீடுகளுக்கும் தொலைபேசியில் சொல்லி, அவர்தம் பேரப்பிள்ளைகளை ஒரு வாரம் ஒரே வீட்டில் கூட்டுகின்றன. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒன்றுவிட்டதும் இரண்டுவிட்டதும் தெரியாது. மூன்றாம் நாள் அதுவும் கிணற்றடியில்தான் இருக்கிறது.