அங்கே கண்ணீர், இங்கே வாள்!

1655-ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள். ஆல்ப்சு மலைச் சாரலில், பீட்மாண்ட் பள்ளத்தாக்குகளில் வால்டென்சியர் எனும் எளிய மக்கள் வாழ்ந்து வந்தனர். போப்பின் தலைமையை ஏற்க மறுத்தனர். அது ஒன்றே அவர்கள் செய்த குற்றம்! சவாய்க் கோமகனின் படை பாய்ந்தது. குடிசைகள் எரிந்தன, தாயும் தப்பவில்லை, சேயும் தப்பவில்லை.

செய்தி இலண்டனை எட்டிற்று. மன்னன் தலையை வீழ்த்திய அந்நாட்டில், ‘காவலர்’ என்ற பெயரோடு அன்று ஆட்சி நடத்தியவர் ஆலிவர் கிராம்வெல். கொதித்தெழுந்தார்! கண்ணொளி இழந்திருந்த கவிஞர் மில்டன், அவர் ஆணைப்படி, ஐரோப்பிய அரசுகளுக்கு இலத்தீனில் மடல்கள் தீட்டினார். மோர்லண்டு எனும் தூதுவர் தூரின் நகர் சென்று, கோமகனின் அவையிலேயே கண்டனம் முழங்கினார். நாடெங்கும் நிதி திரண்டது, ஏறத்தாழ 38,000 பவுன்! அதில் 2,000 கிராம்வெல் கொடுத்தது.

அத்தோடு நின்றாரா? இல்லை. பிரான்சு அப்போது இங்கிலாந்தின் நட்பை நாடி நின்றது. பீட்மாண்ட் மக்களுக்கு முதலில் வழி பிறக்கட்டும், கையொப்பம் பிறகு என்றார். பிரெஞ்சு அமைச்சர் மசாரின் சவாயை நெருக்கினார். ஆகஸ்டில் உடன்படிக்கை பிறந்தது. முழு உரிமை அன்று. எனினும் எஞ்சியோர்க்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

வாழ்த்துவோம் அச்செயலை, தயக்கமின்றி. ஆனால், வரலாற்று ஏட்டை ஆறாண்டு பின்னோக்கிப் புரட்டுவோம்.

1649, அயர்லாந்து. டிராகிடா நகரில் அதே கிராம்வெல்லின் படை, சரணடைந்த வீரர்களையும் கத்தோலிக்கப் பாதிரிமார்களையும் வெட்டிச் சாய்த்தது. அடுத்த திங்களே, முற்றுகையிடப்பட்ட ராஸ் நகரின் தலைவனுக்கு அவர் விடுத்த மடலின் கருத்து என்ன? எவர் மனச்சான்றிலும் தலையிடேன். ஆனால் எம் ஆட்சி நடக்கும் இடத்தில் கத்தோலிக்கரின் பூசைக்கு இடமில்லை!

பீட்மாண்டில் கொட்டியது குருதி. டிராகிடாவில் கொட்டியது தண்ணீரா?

மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் உருண்டன. 1998-இல் அமெரிக்கா, உலகெங்கும் சமய உரிமையைக் காப்பது தன் அயலுறவுக் கொள்கையின் கூறு எனச் சட்டமே இயற்றிற்று. பிற நாடுகளின் நிலை குறித்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடவும் வகை செய்தது. 2016-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது; எச்சமயத்தையும் ஏற்காதாரும் அதில் இடம்பெற்றனர். பகுத்தறிவாளர் வரவேற்கத்தக்க வரி அது.

ஆயினும், வரி வேறு, வழக்கம் வேறு. தன் சமயத்தான் தாக்கப்படும்போது குமுறுவது எந்த அரசுக்கும் எளிது. தான் வெறுக்கும் சமயத்தானுக்காகவும், சமயமே வேண்டா என்பானுக்காகவும் அதே குரலில் வாதாடுகிறதா? தன் ஆட்சிக்கு உட்பட்டவனுக்கும் அதே உரிமையை அளிக்கிறதா? அயல்நாட்டுக்கு நீதி சொல்ல வரும் தூதுவர் எவராயினும், அவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. அன்று தூரின் அவையில் எவரேனும் கேட்டிருந்தால், மோர்லண்டு என்ன விடை சொல்லியிருப்பார்?