சிஃபா: லிமா நகரத்துச் சோற்றுக்கடையின் வரலாறு

பெரு நாட்டின் தலைநகரான லிமாவில், குறைந்த செலவில் வயிறார உண்ண விரும்புவோர் நாடும் எளிய உணவகங்களுள் ஒன்று, 'சிஃபா' எனப்படும் சீன-பெரு உணவகமாகும். இதன் தோற்றம், 1849 முதல் 1874 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர்களின் துயர வாழ்வோடு பிணைந்தது. கரும்பு, பருத்தித் தோட்டங்களிலும், கடற்பறவைகளின் எச்சமான குவானோ உரம் வெட்டப்பட்ட சிஞ்சா தீவுகளிலும், எட்டாண்டு ஒப்பந்தத்துக்குக் கட்டுண்டு அடிமைகளைப் போல் உழைத்த அவர்களுக்குக் கூலியோடு அரிசியும் படியாக அளக்கப்பட்டது. கொடுமைக்கு நடுவே அவர்கள் விடாது காத்த அந்தச் சோற்றுப் பழக்கம், வரலாற்றில் இன்னும் கூடுதலான கவனத்துக்கு உரியது.

ஒப்பந்தம் முடிந்து லிமாவை அடைந்தோர், மத்தியச் சந்தையை ஒட்டிய கப்போன் தெருவில் சிறு உணவுக்கடைகளை நடத்தினர். 1920களில் அவற்றின் வழியில் பெரிய உணவகங்கள் எழுந்தபோது, 'சோறு உண்' எனப் பொருள்படும் சீனத் தொடரே திரிந்து 'சிஃபா' என வழங்கலாயிற்று என்பர்.

மாட்டிறைச்சிக் கீற்றுகளைக் கொழுந்துவிட்டெரியும் தீயில் வெங்காயம், தக்காளி, மஞ்சள் மிளகாய் ஆகியவற்றோடு புரட்டி, சோயா சாறும் காடியும் தெளித்து இறக்கும் 'லோமோ சால்தாதோ' என்னும் உணவில், ஆண்டிஸ் மலையின் உருளைக்கிழங்கு வறுவலும் சீனரின் வெண்சோறும் ஒரே தட்டில் அமர்கின்றன. ஸ்பானிய மொழி பேசும் பெரு மக்கள், இஞ்சியைக் கான்டன் சீனத்திலிருந்து வந்த 'கியோன்' என்ற சொல்லாலேயே இன்றும் அழைக்கின்றனர்.